டீச்சரிடம் கேளுங்கள்: உலகின் பெரிய வண்ணத்துப்பூச்சிகளை எங்கே பார்க்கலாம்?

சென்ற இதழில் தமிழ் மறவனைப் பற்றி எழுதியிருந்தேன். 2019-ல் நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட ஆரஞ்சு நிறக் காட்டுவாசி அது. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “சரி டீச்சர், உலகத்திலேயே பெரியது எது? அதைப் பார்க்க எங்கே போகணும்?” ஆகவே இந்த மாதம் முழுக்கப் பெரிய சிறகுகள்தான்.

கே: உலகின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சி எது டீச்சர்? உண்மையிலேயே எவ்வளவு பெரிதாக இருக்கும்?
– பதினொன்றாம் வகுப்பு மாணவர், பொள்ளாச்சி

ப: அதன் பெயர் குயின் அலெக்ஸாண்ட்ரா பேர்ட்விங். பாப்புவா நியூகினி நாட்டில், ஓரோ என்ற மாகாணத்தில் மட்டும் இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

உன் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை எடுத்து மேசைமேல் வை, தம்பி. பூஜ்யத்தில் ஒரு சிறகின் நுனி, 28-ல் மறு சிறகின் நுனி. பதிவான பெரிய பெண் பூச்சிகளுக்கு அந்த அளவுவரை சொல்கிறார்கள். எல்லாப் பெண்ணும் அவ்வளவு வளராது. ஆண் இன்னும் சிறியது. ஆனால் கண்ணைப் பறிப்பது ஆண்தான்: கறுப்புச் சிறகில் நீலமும் பச்சையும் பட்டைபட்டையாக ஓட, வயிறு பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். பெண்ணுக்குப் பழுப்பு நிறம், அதில் வெளிறிய புள்ளிகள்.

1906-ல் ஆல்பர்ட் மீக் என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளர் இதை முதன்முதலில் எடுத்தார். ‘பிடித்தார்’ என்று எழுத முடியவில்லை, ஏனென்றால் துப்பாக்கியால் சுட்டுத்தான் வீழ்த்தினார். சிறு ரவை போட்டுச் சுட்ட அந்தப் பெண் பூச்சி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. மீக்கை அனுப்பிய வால்டர் ராத்ஸ்சைல்டு பிரபு, மறு ஆண்டு அதற்கு அன்றைய இங்கிலாந்து அரசியின் பெயரை வைத்தார். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் முகம் வாடிவிடும். எனக்கும் மனசு கேட்காது. ஆனால் ஏன் துப்பாக்கி என்று கேட்டால் ஒரு விஷயம் புரியும். இந்தப் பூச்சி பறப்பது மர உச்சிக்கு மேலே. வலை எட்டாத உயரம். ‘பறவைச் சிறகு’ என்று பொருள்படும் பேர்ட்விங் வகைப் பெரிய வண்ணத்துப்பூச்சி எதைப் பார்க்கப் போனாலும் முதலில் அண்ணாந்து பார்க்கப் பழக வேண்டும்.

கே: அடுத்த ஆண்டு வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். நீங்கள் முன்பொருமுறை குறிப்பிட்ட அந்த அலெக்ஸாண்ட்ராவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. போகலாமா? எப்படிப் போவது?
– வாசகர், சென்னை, அண்ணாநகர்

ப: போகலாம் சார். ஆனால் பார்த்தே தீருவேன் என்று போகாதீர்கள். அந்தக் காட்டை அறிந்துகொள்ளப் போங்கள். பூச்சி தென்பட்டால் பாக்கியம்.

தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து ஓரோ மாகாணத்தின் போபொண்டெட்டா ஊருக்குச் சாலை கிடையாது, விமானத்தில்தான் போக வேண்டும். அந்த ஊரைச் சுற்றியுள்ள சமவெளியும் லாமிங்டன் மலை அடிவாரமும், தெற்கே மேட்டுநிலமான மனகலாஸும்தான் அலெக்ஸாண்ட்ராவின் வீடு. லாமிங்டன் ஓர் எரிமலை. 1951 ஜனவரியில் அது வெடித்தபோது ஏறக்குறைய 3,000 பேர் மாண்டார்கள். 250 சதுர கிலோமீட்டர் அளவுக்கு இந்தப் பூச்சியின் காடும் கருகிப்போயிற்று. மிச்சமிருந்த சமவெளிக் காட்டின் பெரும்பகுதியை அதன் பிறகு எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் எடுத்துக்கொண்டன. எரிமலையில் கருகிய இடத்திலாவது காடு மெல்ல மெல்லத் திரும்பும். பனை நட்ட இடத்தில் அது நடக்காது. எனக்குப் பெரிய பயம் அந்தப் பனைதான்.

ஏன் காடு போனால் பூச்சியும் போகிறது? இதன் புழு அரிஸ்டோலோகியா குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டுக்கொடியைத் தவிர வேறெதையும் தின்னாது. தளிரில் தொடங்கி முற்றிய இலைக்கு வரும். கூட்டுப்புழுவாகும் முன் கொடியின் தண்டையே சுற்றிக் கடித்துவிடும். அதற்கு மேலே உள்ள பகுதி வாடி உதிர்ந்துவிடும். ஒரு பூச்சியை வளர்த்து அனுப்ப ஒரு கொடியே காலியாகிறது என்றால், ஒரு கூட்டம் பிழைத்திருக்க எத்தனை கொடி வேண்டும், அத்தனை கொடியும் ஏறிப்போக எத்தனை மரம் வேண்டும் என்று பாருங்கள். முட்டையிலிருந்து சிறகு விரிக்கும்வரை நான்கு மாதம் போல ஆகிறது. ஒரு பெண் இடும் முட்டைகளும் கொஞ்சம்தான்.

அந்த நாட்டில் நிலம் பெரும்பாலும் குலங்களுக்குச் சொந்தம். அரசாங்கக் காடு என்று நாமாக நுழைந்துவிட முடியாது. ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டு, அந்த ஊர் ஆளையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, அவர்கள் கேட்கும் கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். மனகலாஸ் மேட்டுநிலத்தை அங்குள்ள மக்களே நெடுங்காலம் கேட்டுக் கேட்டு, 2017-ல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்க வைத்தார்கள். வெளியிலிருந்து வருபவர் கொடுக்கும் காசு அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த முறை மரம் வெட்ட வருகிறவனிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல அவர்களுக்குத் தெம்பு இருக்கும்.

இன்னொரு யோசனை. அந்தப் பகுதிக்குப் போகும் சிரமம் உடம்புக்கு ஒத்துவராது என்று நினைத்தால் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் நகருக்குப் போங்கள். பக்கத்து மலையூரான குராண்டாவில் வலைக்கூரை போட்ட பெரிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. அந்த நாட்டின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சியான கெய்ர்ன்ஸ் பேர்ட்விங் அங்கே உங்கள் தலைக்கு மேல் பறக்கும். அலெக்ஸாண்ட்ராவுக்கு நெருங்கிய சொந்தம் அது. ஊருக்குள் வீட்டுத் தோட்டங்களுக்கும் அது வரும்.

கே: எங்கள் நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சியும் பேர்ட்விங் வகைதானாமே? பிறந்ததிலிருந்து பேராக்கில் இருக்கிறேன், ஒருமுறையும் பார்த்ததில்லை.
– வாசகி, ஈப்போ, மலேசியா

ப: அம்மா, உங்கள் வீட்டிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்! ராஜா புரூக் பேர்ட்விங்தான் மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சி. ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர் 1855-ல் சரவாக்கின் ராஜாவாக இருந்த ஜேம்ஸ் புரூக்கின் பெயரை அதற்கு வைத்தார். கரிய சிறகில் முக்கோணம் முக்கோணமாக மின்னும் பச்சை, கழுத்தில் சிவப்புப் பட்டி. விரித்தால் 15 செ.மீ.க்கு மேல்.

ஈப்போவுக்குத் தெற்கே கோப்பெங் ஊரிலிருந்து மலைப்பாதையில் போனால் உலு கெரோ என்ற செமாய் பழங்குடி மக்களின் ஊர் வரும். அங்கே நிலத்திலிருந்து கனிமம் கலந்த வெந்நீர் கசியும் இடங்கள் உண்டு. ஆண் பூச்சிகள் கூட்டமாக அந்த ஈர மண்ணில் இறங்கி உறிஞ்சும். அவற்றுக்கு வேண்டியது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு. காலை வெயில் ஏறும் நேரம் நல்லது, மழைநாளில் போகாதீர்கள். வழிகாட்டிகள் அந்தச் செமாய் மக்களே. முன்பு பூச்சியைப் பிடித்து விற்ற இடத்தில் இப்போது அதை வருபவர்களுக்குக் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். கட்டாயம் அவர்களோடுதான் போக வேண்டும். கசிவு நீரைக் காலால் கலக்கிவிடாதீர்கள். செண்ட் போட்டுக்கொண்டும் போக வேண்டாம்.

பெண்ணை அங்கே தேட வேண்டாம். அது காட்டுக்குள் உயரத்தில் இருக்கும், ஈரமண்ணுக்கு வருவது அபூர்வம்.

கே: கம்பாலாவில் வேலை பார்க்கிறேன். ஆப்பிரிக்காவில் பெரியது எது?
– வாசகர், உகாண்டா

ப: ஆப்பிரிக்க ராட்சத ஸ்வாலோடெயில். 20 செ.மீ.யைத் தாண்டும். ஆரஞ்சும் கறுப்புமாக, முன்சிறகு மெலிந்து நீண்டிருக்கும். பேர்ட்விங்குகளுக்கு நேர்மாறாக இதில் ஆண்தான் பெரியது. உடம்பில் நல்ல விஷம் உண்டு, பறவைகள் சீண்டுவதில்லை. கொரில்லா பார்க்க எல்லோரும் போகிறார்களே, அந்த ப்விண்டி காட்டில் இதுவும் இருக்கிறது. ஓடைக்கரைச் சேற்றில் ஆண்கள் இறங்கும். கொரில்லா அனுமதிச் சீட்டு கிடைத்த நாளில் போகும் வழியிலும் தரையைப் பார்த்துக்கொண்டே நடங்கள்.

கே: இந்தியாவின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சி நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது என்று பாடம் நடத்தி வந்தேன். அது மாறிவிட்டது என்று ஒரு மாணவி சொல்கிறாள். எது சரி? எங்கள் பக்கம் பார்க்க முடியுமா?
– பள்ளி ஆசிரியை, தென்காசி

ப: மாணவி சொல்வது சரி. அவளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். 1932-ல் வண்ணத்துப்பூச்சி ஆய்வாளரான பிரிகேடியர் எவன்ஸ் குறித்துவைத்த சதர்ன் பேர்ட்விங் 190 மி.மீ. இருந்தது. அந்தப் பதிவு எண்பது ஆண்டுக்கு மேல் அசையவில்லை. 2020-ல் உத்தராகண்டின் டீடிஹாட்டில் கிடைத்த கோல்டன் பேர்ட்விங் பெண் 194 மி.மீ. என்று வெளியானது. நான்கு மில்லிமீட்டரில் முதலிடம் இமயமலைக்குப் போய்விட்டது. ஆனாலும் சதர்ன் பேர்ட்விங், அதாவது நம் பொன்னழகி, இந்தியாவைத் தவிர எங்கும் கிடையாது. அந்தப் பெருமையை எந்த ஸ்கேலும் குறைக்காது. கர்நாடகம் அதைத் தன் மாநில வண்ணத்துப்பூச்சியாக வைத்திருக்கிறது.

உங்கள் பக்கம் தாராளமாகப் பார்க்கலாம். குற்றாலத்து மலைச்சரிவு, செங்கோட்டை தாண்டி மலை இறங்கினால் தென்மலை, தெற்கே களக்காடு முண்டந்துறை எல்லாம் அதன் இடங்கள். என் வீடு மேட்டுப்பாளையம். நான் பார்ப்பது கல்லாறிலிருந்து பர்லியாறு ஏறும் வழியில். அந்தச் சாலை யானை நடமாடும் பகுதி, ஆகவே தனியே இறங்கிக் காட்டுக்குள் போவது கூடாது. சாலை ஓரத்திலேயே வேண்டியதைப் பார்த்துவிடலாம்.

மழை விட்டு வெயில் அடிக்கும் காலையாகத் தேர்ந்தெடுங்கள். எட்டு, எட்டரைக்கு மரங்களுக்கு மேலே நிதானமாக ஒரு கறுப்பு உருவம் சுற்றும். புதிதாகப் பார்ப்பவர்கள் பறவை என்று விட்டுவிடுவார்கள். திரும்பும்போது பின்சிறகின் மஞ்சளில் வெயில் பட்டால் சந்தேகமே வராது. கீழே இறங்குவது தேனுக்காக. உண்ணிச்செடி, வெள்ளிலை, இட்லிப்பூ இவற்றுக்குப் பக்கத்தில் அசையாமல் நில்லுங்கள். பல வண்ணத்துப்பூச்சிகள் பூவில் உட்கார்ந்து சிறகை மூடிக்கொள்ளுமே, இது அப்படி இல்லை. கால் பூவைப் பற்றியிருக்கும், பின்சிறகு விரிந்தபடி நிற்கும், முன்சிறகு மட்டும் விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் செல்போனில் எடுக்கும் படங்களில் முன்சிறகு எப்போதும் கலங்கித் தெரிகிறது. உங்கள் கை நடுங்கியதால் அல்ல!

என் கொடுப்பினை, முட்டையிடுவதைக் கை எட்டும் தூரத்தில் பார்த்தேன். சாலைத் தடுப்புச் சுவரில் ஈஸ்வரமூலிக் கொடி படர்ந்திருந்தது. பெண் தாழப் பறந்து வந்து, பக்கத்திலிருந்த வேறு செடிகளின் இலையை முன்காலால் தட்டித் தட்டிப் பார்த்து விலகியது. அந்தக் காலில்தான் அதற்குச் சுவை தெரியும். ஈஸ்வரமூலி இலையைத் தொட்டதும் சிறகடிப்பு மாறியது. இலை விளிம்பைப் பற்றிக்கொண்டு வயிற்றை அடிப்பக்கம் வளைத்து, ஆரஞ்சு மணி போல ஒரே ஒரு முட்டை. உடனே போய்விட்டது. அடுத்த இலையில் இடவில்லை. அவ்வளவு கணக்காக இடுகிறது.

அலெக்ஸாண்ட்ராவின் கொடி எந்தக் குடும்பமோ, இதுவும் அதே குடும்பம்தான். நியூகினி ஆனாலும் மலேசியா ஆனாலும் நம் மலை ஆனாலும் பேர்ட்விங் எல்லாமே அரிஸ்டோலோகியா குடும்பத்துக் கொடிகளை நம்பித்தான் இருக்கின்றன. ஆகவே “எங்கே பார்க்கலாம்” என்று கேட்பவர்களுக்கெல்லாம் என் பதில் ஒன்றுதான்: முதலில் கொடி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

கே: எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு அடி அகலத்துக்கு ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது. படம் அனுப்பியிருக்கிறேன். உலகின் பெரிய வண்ணத்துப்பூச்சி என்று வாட்ஸ்அப்பில் எல்லோரும் பகிர்கிறார்கள்.
– வாசகர், கூடலூர்

ப: படத்தில் இருப்பது அட்லஸ் வகை அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி அல்ல. மீசையைப் பாருங்கள், இறகு போலப் பிரிந்திருக்கிறது. வண்ணத்துப்பூச்சிக்கு மெல்லிய கம்பியின் முனையில் குமிழ் இருக்கும். முன்சிறகின் நுனி பாம்புத் தலை மாதிரித் தெரிகிறதல்லவா? அது எதிரியை மிரட்ட. இதற்கு உணவு உண்ணும் வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில்தான் வாழ்நாளின் கடைசி ஒன்றிரண்டு வாரத்தை ஓட்டும். அதற்குள் துணை தேட வேண்டும், முட்டையிட வேண்டும். துடைப்பத்தால் விரட்டாதீர்கள். இரவில் வெளி விளக்கை அணைத்துவிட்டால் தானே போய்விடும்.

கே: இலங்கையில் பேர்ட்விங் உண்டா?
– வாசகி, கண்டி

ப: உண்டு, உங்கள் தேசிய வண்ணத்துப்பூச்சியே அதுதான். சிலோன் பேர்ட்விங், உலகில் உங்கள் தீவில் மட்டுமே இருக்கிறது. சிங்கராஜாக் காட்டிலும் மலைநாட்டின் ஈரமான காடுகளிலும் பாருங்கள். சிங்களத்தில் சப்சந்த என்று சொல்லும் கொடி நம் ஈஸ்வரமூலியேதான். அது படர்ந்திருக்கும் காட்டோரங்களில் காத்திருங்கள்.

கே: வெளிநாடு போன உறவினர் கண்ணாடிச் சட்டத்தில் பதித்த பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்றை வாங்கி வருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், மதுரை

ப: வேண்டாம் என்று இன்றைக்கே போன் செய்யுங்கள். பேர்ட்விங் அத்தனையும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருகின்றன. அலெக்ஸாண்ட்ரா முதல் பட்டியலில் இருக்கிறது. வணிகத்துக்கு நாடு விட்டு நாடு போகவே கூடாது. மற்றவை இரண்டாம் பட்டியல். உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. 2007-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஜப்பானிய வியாபாரிக்கு, அலெக்ஸாண்ட்ரா உள்ளிட்ட அரிய வண்ணத்துப்பூச்சிகளைக் கடத்தி விற்றதற்காக 21 மாதச் சிறை கிடைத்தது.

சட்டப்படியான வியாபாரமும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பாப்புவா நியூகினியின் புலோலோ ஊரில் 1978-லேயே அரசு ஒரு பூச்சி வளர்ப்பு வணிக நிலையத்தைத் தொடங்கியது. கிராமத்தார் தங்கள் தோட்ட ஓரத்தில் கொடி நட்டு, அதில் வந்து வளரும் சாதாரண பேர்ட்விங்குகளில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அதன் வழியே விற்றார்கள். கொடிக்கு விலை வந்ததால் காட்டோரம் தப்பியது. அந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் கடைத்தெருவில் கண்ணாடிக்குள் இருப்பது எந்த வழியில் வந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியே இல்லை. அந்தப் பணத்தில் உறவினர் ஒரு நல்ல புகைப்படத்தை வாங்கி வரட்டும்.

கே: எங்கள் பள்ளியில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் போடுகிறோம். பேர்ட்விங் வர என்ன நட வேண்டும்? நர்சரியில் பெரிய பூ பூக்கும் அரிஸ்டோலோகியா ஒன்று கிடைக்கிறது.
– தலைமையாசிரியர், அம்பாசமுத்திரம்

ப: அந்த நர்சரிக் கொடியை வாங்காதீர்கள், ஐயா. பூ பெரிதாகப் பூக்கும் அழகுக் கொடிகள் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஆஸ்திரேலியாவில் அப்படியொரு கொடி தோட்டங்களிலிருந்து தப்பிக் காட்டுக்குள் பரவியது. ரிச்மண்ட் பேர்ட்விங் பெண்கள் சொந்தக் கொடி என்று நம்பி அதில் முட்டையிட்டன. புழுக்கள் அதைத் தின்று செத்தன. பிறகு 1990-களில் அங்கே பள்ளிப் பிள்ளைகள்தான் களத்தில் இறங்கினார்கள். அந்தக் கொடியைப் பிடுங்கிவிட்டு, பள்ளி வளாகங்களில் நாட்டுக் கொடியை நட்டார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு முதல் பாடமாக இதையே சொல்லலாம்.

நீங்கள் நட வேண்டியது ஈஸ்வரமூலி. காட்டிலிருந்து வேரோடு எடுக்க வேண்டாம். ஏற்கெனவே நாட்டு மருந்துக்கென்று அதைப் பிடுங்கித்தான் பல இடங்களில் குறைந்துவிட்டது. காய் முற்றிக் காய்ந்ததும் ஆறு பிளவாக வெடித்துத் தலைகீழாகத் தொங்கும், உள்ளே தட்டை விதைகள் அடுக்கியிருக்கும். யாராவது வளர்ப்பவரிடம் அந்தக் காயைக் கேட்டு வாங்குங்கள். மணலும் மக்கிய எருவும் கலந்து, விதையை மேலாகப் போட்டு, நிழலில் வையுங்கள். வேர் பகுதி நிழலிலும் கொடி வெயிலிலும் இருப்பதாகப் பந்தல் போடுங்கள். ஒரு கொடி போதாது. புழு வந்துவிட்டால் மொட்டையாக்கிவிடும். பந்தலைச் சுற்றி இட்லிப்பூவும் வெள்ளிலையும் வையுங்கள்.

ஊருக்குள் முதலில் வருவது சிவப்பு உடலுள்ள கிரிம்சன் ரோஸும் காமன் ரோஸுமாகத்தான் இருக்கும். அவற்றுக்கும் இதே கொடிதான் தாய்வீடு. அம்பாசமுத்திரத்துக்கு மலை பக்கம் என்பதால் பேர்ட்விங்குக்கும் வழி உண்டு. புழுவின் மேல் கூரிய சதைமுள்களைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படக்கூடும். கடிக்காது, கொட்டாது. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கவை ஒன்றை நீட்டி நாற்றமடிக்கும், அவ்வளவுதான்.

கடைசியாக, இதைக் கண்டிப்பாகப் பலகையில் எழுதி வையுங்கள்: இலையையோ வேரையோ யாரும் வாயில் வைக்கக் கூடாது. பாம்புக்கடிக்கு மருந்து என்று ஊரில் சொல்வார்கள். இதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும் என்பது உறுதியாகியிருக்கிறது. பாம்பு கடித்தால் நேரே அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். கொடியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ ஒரு குழாயும் தோட்டத்திலேயே வைத்துவிடுங்கள்.